ஏரி, ஆற்றோர மனையில் கட்டுவதற்கு முன்: நீர்க்கரை விதிகளைப் படித்துக் கணக்கிடும் முறை

ஏரிக்கரையிலோ ஆற்றோரத்திலோ நிலம் வாங்கிக் கட்ட நினைப்பவர் முதலில் கேட்பது, “தண்ணீரிலிருந்து எத்தனை அடி தள்ளிக் கட்ட வேண்டும்?” என்பதுதான். அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது, அந்த அடிகளை எங்கிருந்து அளப்பது என்பது. கோடையில் நீர் நிற்கும் இடமும், மழைக்காலத்தில் அது ஏறி நிற்கும் இடமும், பத்திரத்தில் எல்லை என்று எழுதப்பட்டிருக்கும் இடமும், வெள்ள அபாய வரைபடத்தில் வண்ணம் தீட்டப்பட்ட பகுதியின் விளிம்பும் ஒன்றாக அமைவது அரிது. சட்டம் இவற்றுள் எதைத் தொடக்கக் கோடாக எடுத்துக்கொள்கிறது என்பதைப் பொறுத்து, ஒரே மனையில் வீடு கட்டத் தாராளமாக இடம் இருக்கலாம். அடியோடு இல்லாமலும் போகலாம்.

நாட்டுக்கு நாடு தூரமும் வேறு, அளக்கும் முறையும் வேறு. ஸ்வீடனில் கடல், ஏரி, ஆறு ஆகியவற்றின் கரையிலிருந்து நிலத்தின் பக்கம் 100 மீட்டரும் நீரின் பக்கம் 100 மீட்டரும் பாதுகாக்கப்பட்ட பகுதி. தேவையென்று கருதும் இடங்களில் இதை 300 மீட்டர் வரை நீட்டவும் வழியிருக்கிறது. ஜெர்மனியில் ஊர்க் குடியிருப்புக்கு வெளியே உள்ள பகுதிகளில், பெரிய ஆறுகளின் கரையிலிருந்தும், ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட ஏரி, குளங்களின் கரையிலிருந்தும் 50 மீட்டருக்குள் கட்டடம் எழுப்பக் கூடாது. இந்தியாவின் 2017-ஆம் ஆண்டு ஈரநில விதிகளும் நிரந்தரக் கட்டுமானத்துக்கு 50 மீட்டர் தடையைத்தான் விதிக்கின்றன. ஆனால் அது கரையிலிருந்து அன்று, கடந்த பத்தாண்டுகளில் பதிவான உயர்வெள்ள மட்டத்தின் சராசரியிலிருந்து அளக்கப்படுகிறது. இரண்டு நாட்டிலும் எண் ஒன்றுதான். தட்டையான நிலத்தில் இவ்விரு 50 மீட்டருக்கும் இடையே ஒரு தெருவே அடங்கிவிடும்.

உங்கள் நிலம் எந்த விதிகளுக்குள் வருகிறது?

நீர்நிலையை ஒட்டிய நிலத்தின் மீது ஒரே சமயத்தில் பல சட்டங்கள் படிந்திருக்கும். நாட்டளவில் வெள்ளம், ஈரநிலம், நீர்மாசு பற்றிய சட்டங்கள். மாநில அல்லது மாகாண அளவில் கரையோரப் பாதுகாப்பு விதிகள். உள்ளாட்சி அளவில் நிலப் பயன்பாட்டு மண்டலத் திட்டம். அதற்கும் கீழே அந்த மனைப்பிரிவுக்கு என்றே போடப்பட்ட நிபந்தனைகள். இவை ஒன்றோடொன்று முரண்படும்போது, பொதுவாக எது கடுமையானதோ அதுதான் செல்லும். ஊராட்சியோ நகராட்சியோ அனுமதி கொடுத்துவிட்டது என்பதற்காக வெள்ளத் தடுப்புத் துறையின் தடை நீங்கிவிடாது. இங்கிலாந்தில் திட்ட அனுமதி கையில் இருந்தாலும், முதன்மை ஆறு என்று வகைப்படுத்தப்பட்ட, கடல் ஏற்றவற்றம் எட்டாத ஓர் ஆற்றின் 8 மீட்டருக்குள் வேலை செய்ய வேண்டுமென்றால் அதற்கெனத் தனி அனுமதி வாங்க வேண்டியிருக்கும்.

அடுத்து, கரையோர மண்டலம் எவ்வளவு தூரம் உள்ளே வருகிறது என்று பார்க்க வேண்டும். பலர் தங்கள் மனை கரையிலேயே இல்லாததால் இந்த விதிகள் தங்களுக்கு இல்லை என்று எண்ணிக்கொள்கிறார்கள். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஏரியிலிருந்து 1,000 அடி வரையும், ஆற்றிலிருந்து 300 அடி வரையும், வெள்ளச் சமவெளி அதையும் தாண்டினால் அந்தச் சமவெளியின் எல்லை வரையும் உள்ள நிலம் கரையோர மண்டலமே. மெய்ன் மாநிலத்தில் அது 250 அடி. நடுவில் ஒரு சாலையோ பக்கத்து வீடோ இருப்பதால் மனை மண்டலத்துக்கு வெளியே போய்விடாது.

பிறகு நீர்நிலையின் வகை. எல்லா ஏரியும் ஒன்றன்று. எல்லா ஆறும் ஒன்றன்று. மினசோட்டா மாநிலம் தன் ஏரிகளை இயற்கைச் சூழல் ஏரி, பொழுதுபோக்கு ஏரி, பொது வளர்ச்சி ஏரி என மூன்றாகப் பிரித்து, பாதாளச் சாக்கடை இணைப்பு இல்லாத மனைகளுக்கு முறையே 150, 100, 75 அடி விலகு தூரம் விதிக்கிறது. பிரேசிலின் 2012-ஆம் ஆண்டு வனச் சட்டமோ ஆற்றின் அகலத்தையே அளவுகோலாக்குகிறது: 10 மீட்டருக்குக் குறைந்த அகலமுள்ள ஓடைக்கு 30 மீட்டர் காப்புப் பட்டை, அகலம் கூடக்கூட அதுவும் கூடி, 600 மீட்டருக்கு மேற்பட்ட ஆற்றுக்கு 500 மீட்டர். ஆகவே அலுவலகத்துக்குப் போகும்போது நீர்நிலையின் பெயரை மட்டும் சொல்லாமல், அரசுப் பட்டியலில் அது எந்த வகையில் பதிவாகியிருக்கிறது என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

நீர்நிலை என்ற சொல்லுக்குள் ஏரியும் ஆறும் மட்டுமின்றி, அவற்றுக்கு நீர் கொண்டுவரும் வரத்துக் கால்வாய்களும், உபரிநீர் வெளியேறும் வழியும், ஆண்டில் சில வாரங்கள் மட்டுமே ஓடும் ஓடைகளும் அடங்கும் என்பது பலருக்குத் தாமதமாகத்தான் தெரியவருகிறது. பெங்களூரில் 2016-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஏரிகளைச் சுற்றி 75 மீட்டர் காப்புப் பகுதி விதித்தபோது, ராஜகாலுவே எனப்படும் மழைநீர்க் கால்வாய்களுக்கும் தனித்தனியே தூரம் விதித்தது. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நீக்கியதால், ஏரிக்கு 30 மீட்டர் என்றிருந்த பெருந்திட்டத்தின் அளவுகள் மீண்டும் நடைமுறைக்கு வந்தன. இடைப்பட்ட காலத்தில் வரைபடம் போட்டவர்களின் நிலையை எண்ணிப் பார்த்தால், விதியின் வாசகத்தோடு அது நடைமுறைக்கு வந்த தேதியையும் ஏன் குறித்துக்கொள்ள வேண்டும் என்பது விளங்கும்.

கோட்டைக் கண்டுபிடிப்பது

பெரும்பாலான கரையோர விதிகள் இயல்பான உயர்நீர்க் கோட்டை, அதாவது வழக்கமான ஆண்டுகளில் நீர் ஏறி நின்று நிலத்தில் தன் அடையாளத்தைப் பதித்துவிட்டுப் போகும் எல்லையை, தொடக்கப் புள்ளியாகக் கொள்கின்றன. இது எப்போதோ ஒருமுறை வந்த பெருவெள்ளத்தின் எல்லை அன்று. இன்று காலையில் நீர் நிற்கும் விளிம்பும் அன்று. வறண்ட ஆண்டில் இந்தக் கோடு நீரிலிருந்து பல அடி மேலே, புல்லுக்கு நடுவே கிடக்கும்.

கரையில் நின்று பார்த்தால் அடையாளங்கள் கண்ணுக்குத் தெரியும். கீழே கோரையும் நாணலும்போல ஈரத்தில் வளர்பவை மட்டும் நிற்கும். சற்று மேலே வந்ததும் அவை நின்று, நிலத்துச் செடிகளும் பல்லாண்டு வாழும் மரங்களும் தொடங்கும். அந்த மாற்றம் நிகழும் இடத்தில் மண்ணில் ஒரு சிறு படி வெட்டியதுபோல் இருக்கும். அலை அரித்து உண்டாக்கியது அது. மரங்களின் நீர்ப்பக்க வேர்கள் மண் கழுவப்பட்டு வெளியே தெரியும். பாறையிலும் பாலத்தின் தூணிலும் கறை ஒன்று கிடைமட்டமாக ஓடும். அதற்குக் கீழே பாசி பிடித்த கருமை, மேலே கல்லின் இயல்பான நிறம். சருகும் சுள்ளியும் ஒரே உயரத்தில் வரிசையாக ஒதுங்கிக் கிடக்கும். இந்த அடையாளங்களில் ஒன்றை மட்டும் நம்பக் கூடாது. சருகு வரிசை சென்ற மாத வெள்ளத்தில் ஒதுங்கியதாக இருக்கலாம். மூன்று நான்கு அடையாளங்கள் ஒரே உயரத்தில் ஒத்துப்போனால், அங்கே ஒரு முளைக்குச்சி அடித்துக்கொள்ளலாம்.

கரை சரிவாக இருந்து அடையாளம் எதுவும் தெளிவாகத் தெரியாவிட்டால், அதே நீர்நிலையில் எதிர்க்கரையிலோ பக்கத்துக் கரையிலோ தெளிவாகத் தெரியும் இடத்தில் உயரத்தை அளந்து, மட்டக் கருவி கொண்டு உங்கள் மனைக்கு அந்த உயரத்தைக் கொண்டுவரலாம். ஏரிக்கு இது பொருந்தும்; நீர் நிற்கும் பரப்பு எங்கும் ஒரே மட்டம். ஆற்றுக்கு அப்படியே பொருந்தாது, ஏனெனில் ஓடும் நீரின் மட்டம் போகப்போகத் தாழ்கிறது. மேலே ஒரு புள்ளியும் கீழே ஒரு புள்ளியும் எடுத்து, இடைப்பட்ட சரிவைக் கணக்கிட வேண்டும்.

நீங்கள் அடித்த முளைக்குச்சிக்குச் சட்டப்படி மதிப்பில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அது உங்கள் மதிப்பீட்டுக்கு மட்டுமே. அதிகாரமுள்ள துறையின் அலுவலரோ, அந்தத் துறை ஏற்கும் சர்வேயரோ வந்து கோட்டைக் குறித்து, கடல் மட்டத்திலிருந்து அதன் உயரத்தை எண்ணால் எழுதி, கையெழுத்திட்ட வரைபடமாகத் தர வேண்டும். இதை நிலம் வாங்குவதற்கு முன்பே செய்து முடிப்பது நல்லது. விற்பவர் தயங்கினால், ஒப்பந்தத்தில் இதை ஒரு நிபந்தனையாகச் சேர்க்கலாம். என் கணிப்பில், கரையோர மனைக்காகச் செய்யும் எல்லாச் செலவிலும் இதைப்போல் பலன் தருவது வேறில்லை.

வெள்ளம் ஓடும் வழியும் வெள்ளம் தேங்கும் இடமும்

உயர்நீர்க் கோடு வழக்கமான ஆண்டுகளுக்கானது. வெள்ளத்துக்கு வேறு கோடு உண்டு. பல நாடுகளில் அது எந்த ஓர் ஆண்டிலும் வருவதற்கு 1 சதவீத வாய்ப்புள்ள வெள்ளத்தின் எல்லை. இதை நூறாண்டு வெள்ளம் என்று அழைக்கும் வழக்கம், வந்தால் இனி நூறு ஆண்டுக்கு வராது என்ற தவறான நிம்மதியை உண்டாக்கிவிட்டது. ஆண்டுக்கு 1 சதவீதம் என்றால், 30 ஆண்டுக் கடன் கட்டி முடிப்பதற்குள் ஒருமுறையாவது அந்த வெள்ளம் வருவதற்கான வாய்ப்பு ஏறக்குறைய 26 சதவீதம். அதாவது நான்கில் ஒரு பங்குக்கும் மேல்.

அந்த எல்லைக்குள்ளும் இரண்டு பகுதிகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆற்றின் நடுவிலும் அதை ஒட்டியும் நீர் ஆழமாகவும் வேகமாகவும் பாயும் பகுதி வெள்ளப் பாதை. அதற்கு வெளியே நீர் மெதுவாகப் பரவித் தேங்கும் பகுதி வெள்ள விளிம்பு. விளிம்பில் சில நிபந்தனைகளோடு கட்ட அனுமதி கிடைக்கலாம்: வசிக்கும் தளம் வெள்ள மட்டத்துக்கு மேல் குறிப்பிட்ட உயரத்தில் இருக்க வேண்டும், கொட்டும் மண்ணுக்கு ஈடாக வேறிடத்தில் தோண்டி வெள்ளத்துக்கு இடம் தர வேண்டும், மின் இணைப்புகள் உயரத்தில் அமைய வேண்டும் என்பன போல. வெள்ளப் பாதையில் அப்படி எளிதில் விட மாட்டார்கள். அமெரிக்காவில் 1968-இல் தொடங்கிய தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தின் விதிப்படி, வெள்ளப் பாதையில் எதையாவது கட்ட விரும்புபவர், அதனால் வெள்ள மட்டம் சற்றும் உயராது என்று பொறியாளரின் நீரியல் கணக்கோடு நிறுவ வேண்டும். ஒரு சுற்றுச்சுவர்கூட இந்தக் கணக்கில் தேறாமல் போகலாம். ஓடும் நீருக்குக் குறுக்கே நிற்கும் சுவர், மேற்பக்கத்து நிலங்களில் நீரை ஏற்றிவிடும்.

வெள்ளப் பாதைக்கு இவ்வளவு கெடுபிடி ஏன் என்பதற்கு நெதர்லாந்தின் அனுபவமே போதும். 1993-லும் 1995-லும் ஆறுகள் பெருகி, இரண்டாவது முறை சுமார் இரண்டரை லட்சம் பேரை வெளியேற்ற வேண்டி வந்த பிறகு, கரைகளை மேலும் உயர்த்துவதற்குப் பதிலாக ஆற்றுக்கு இடத்தைத் திருப்பித் தருவது என்று அந்நாடு முடிவெடுத்தது. முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் வேலை நடந்தது. நைமேகன் நகருக்கு எதிரே லென்ட் என்னுமிடத்தில் கரையையே 350 மீட்டர் உள்ளே தள்ளி, ஆற்றுக்குப் புதிய கிளை வெட்டினார்கள். அதற்காக வீடுகளை அகற்ற வேண்டியிருந்தது. கட்டிய பின் அகற்றுவதற்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால், கட்டுவதற்கு முன் மறுக்கப்படும் அனுமதி மலிவானது.

வெளியேறும் வழி இல்லாத ஏரிகளுக்குத் தனிக் கவனம் தேவை. மறுகால் உள்ள ஏரியில் நீர் ஓர் அளவுக்கு மேல் ஏறாது, உபரி வழிந்துவிடும். அப்படி வழி இல்லாத ஏரி, மழை மிகுந்த ஆண்டுகள் தொடர்ந்தால் ஏறிக்கொண்டே போகும். அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவிலுள்ள டெவில்ஸ் ஏரி 1993-க்கும் 2011-க்கும் இடையே சுமார் 30 அடி உயர்ந்து, சாலைகளையும் பண்ணைகளையும் விழுங்கியது. இத்தகைய ஏரியோரத்தில் சட்டம் கேட்கும் தூரம் போதுமா என்று பார்ப்பதைவிட, பதிவாகியுள்ள மிக உயர்ந்த நீர்மட்டத்துக்கு மேல் தளம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார்ப்பதே பயன்தரும். மினசோட்டா விதிகள் ஏரியோர வீட்டின் மிகத் தாழ்ந்த தளம், அறியப்பட்ட மிக உயர்ந்த நீர்மட்டத்துக்கு மேல் 3 அடியாவது இருக்க வேண்டும் என்று கேட்பது இதனால்தான்.

வரைபடத்தைப் பார்க்கும்போது அது எந்த ஆண்டு தயாரிக்கப்பட்டது, மேற்பக்கத்தில் அதன் பின் எவ்வளவு கட்டுமானம் நடந்திருக்கிறது என்று கேளுங்கள். பழைய வரைபடத்தில் உலர்ந்திருக்கும் மனை, இன்று உலர்ந்திருக்கும் என்பதற்கு உறுதியில்லை.

ஒரு மனையை வைத்துக் கணக்கு

விதிகளைத் தனித்தனியே படிக்கும்போது ஒவ்வொன்றும் எளிதாகத் தோன்றும். அவற்றை ஒரே மனை மீது ஒன்றன்மேல் ஒன்றாக வரையும்போதுதான் மீதி எவ்வளவு என்று தெரியும். எடுத்துக்காட்டாக, கரையை ஒட்டி 100 அடி அகலமும் சாலையிலிருந்து நீர் வரை 200 அடி நீளமும் உள்ள மனையை எடுத்துக்கொள்வோம். பத்திரக் கணக்கில் பரப்பு 20,000 சதுர அடி. விதிகள் இப்படி என்று வைத்துக்கொள்வோம்: நீர்ப்பக்கம் 75 அடி, சாலைப் பக்கம் 30 அடி, இரு பக்கமும் 10 அடி விலகல், நீர் ஊடுருவாத பரப்பு மனையில் 15 சதவீதத்துக்கு மேல் கூடாது. விஸ்கான்சினில் நீர்ப்பக்க விலகலும் இந்தச் சதவீதமும் இவ்வளவுதான். ஈடுசெய்யும் வேலைகளைச் செய்தால் சதவீதம் 30 வரை போகலாம்.

200 அடி என்று அளந்தது கோடையில், நீர் விளிம்பு வரை. உயர்நீர்க் கோடு அதற்கு 15 அடி மேலே இருக்கிறது என்று தெரியவருகிறது. இப்போது நீளம் 185 அடி. பரப்பு 18,500 சதுர அடி. நீர்ப்பக்கம் 75, சாலைப் பக்கம் 30 கழித்தால் 80 அடி. அகலத்தில் இருபுறமும் 10 கழித்தால் 80 அடி. ஆக, கட்டக்கூடிய இடம் 80-க்கு 80, அதாவது 6,400 சதுர அடி. இது தாராளம்போல் தோன்றும். ஆனால் நீர் ஊடுருவாத பரப்புக்கான உச்சவரம்பு 18,500-இல் 15 சதவீதம், 2,775 சதுர அடிதான். வீட்டின் கூரைப் பரப்பு 1,600, வண்டி நிறுத்தும் கொட்டகை 500, வீட்டுக்கு வரும் 12 அடி அகல, 40 அடி நீளத் தளப்பாதை 480, கூட்டினால் 2,580. மீதி 195. வீட்டிலிருந்து நீர் வரை 4 அடி அகலத்தில் 75 அடிக்கு ஒரு சிமென்ட் நடைபாதை போட்டால் அதுவே 300 சதுர அடி, வரம்பு மீறிவிட்டது. பத்திரத்தில் உள்ள 20,000 சதுர அடியை நம்பிக் கணக்குப் போட்டிருந்தால் வரம்பு 3,000 என்று வந்து, அந்த நடைபாதைக்கும் இடமிருப்பதாகத் தோன்றியிருக்கும்.

இந்தக் கணக்கில் வழுக்கும் இடங்கள் சில. கூரையின் இறவாணம் சுவருக்கு வெளியே நீண்டிருந்தால் பல விதிகள் இறவாணத்தின் விளிம்பிலிருந்தே தூரத்தையும் பரப்பையும் அளக்கின்றன. திறந்த மரத்தளமும் கட்டடமாகவே எண்ணப்படலாம். வண்டிகள் ஏறி இறுகிப்போன சரளைத் தளம், நீரை விடும் என்று நாம் நினைத்தாலும், பல இடங்களில் ஊடுருவாத பரப்புக் கணக்கில்தான் சேரும். இடைவெளிவிட்டுப் பதிக்கும் கல் தளத்துக்குச் சலுகை உண்டா என்பதையும் அந்த ஊர் விதியில்தான் பார்க்க வேண்டும்.

இவ்வளவு நுணுக்கமாக ஏன் பரப்பை அளக்கிறார்கள் என்று கேட்பவர் உண்டு. மண்ணில் இறங்க வேண்டிய மழைநீர் கூரையிலும் தளத்திலும் விழுந்தால், உரம், மண், எண்ணெய் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு நேரே ஏரிக்குப் போகிறது. அதிலுள்ள பாஸ்பரஸ்தான் பாசி பெருகக் காரணம். பாசி மடிந்து அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்து, மீன்கள் சாகின்றன. ஒரு மனை செய்வது சிறிது. கரை முழுவதும் மனைகளாகும்போது ஏரியின் நிறமே மாறிவிடுகிறது.

கரையில் நிற்கும் மரமும் செடியும்

விலகு தூரத்துக்குள் கட்டக் கூடாது என்றால், அந்த இடத்தைப் புல்வெளியாக்கிக்கொள்ளலாம் என்று பொருளாகாது. பெரும்பாலான கரையோர விதிகள் நீரை ஒட்டிய ஒரு பட்டையில் இயற்கைத் தாவரத்தை அப்படியே விட்டுவைக்கச் சொல்கின்றன. விஸ்கான்சினில் இது 35 அடி ஆழம்; அந்தப் பட்டைக்குள் நீரைப் பார்க்கவும் போய்வரவும், கரை நீளத்தில் ஒவ்வொரு 100 அடிக்கும் 35 அடி என்ற விகிதத்தில் திறப்பு வைத்துக்கொள்ளலாம். மெய்ன் மாநிலத்தில் இன்னும் நுட்பமாகப் போகிறார்கள்: காப்புப் பட்டையில் மரக்கவிகையில், அதாவது மரங்களின் கிளைகளும் இலைகளும் சேர்ந்த மேற்கூரையில், 250 சதுர அடிக்கு மேற்பட்ட திறப்பு கூடாது, நடைபாதை 6 அடி அகலத்துக்கு மிகக் கூடாது, எந்தப் பத்தாண்டுக் காலத்திலும் 4 அங்குலத்துக்கு மேற்பட்ட விட்டமுள்ள மரங்களின் கன அளவில் 40 சதவீதத்துக்கு மேல் வெட்டக் கூடாது.

இங்கேதான் அதிகமான மீறல்கள் நடக்கின்றன, அதுவும் வீடு கட்டத் தொடங்குவதற்கு முன்பே. மனையைச் சுத்தம் செய்யச் சொல்லி இயந்திரத்தை அனுப்பினால், ஓட்டுபவர் நீர் வரை வழித்துவிட்டுத்தான் திரும்புவார். அனுமதி கிடைக்கும் முன் எந்த இயந்திரமும் மனைக்குள் நுழையக் கூடாது. அனுமதி கிடைத்த பின்னும், காப்புப் பட்டையின் எல்லையில் கயிறு கட்டி, வண்ணத் துணி தொங்கவிட்டு, அதற்கு அப்பால் போகக் கூடாது என்று வேலை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். வெட்டிய மரத்தை மீண்டும் நட்டு வளர்க்கச் சொல்லும் உத்தரவு, அபராதத்தைவிட நீண்ட காலம் துரத்தும்.

படித்துறை, படகுத்துறை, படகுக் கொட்டகை, கரைத் தடுப்புச் சுவர் ஆகியவை உயர்நீர்க் கோட்டைத் தொடுவதால் தனி அனுமதிக்கு உரியவை. கோட்டுக்குக் கீழே உள்ள நிலமும் நீரும் பல நாடுகளில் அரசுடைமை. உங்கள் மனை அந்தக் கோட்டோடு முடிந்துவிடுகிறது. கான்கிரீட் தடுப்புச் சுவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது அலையை உடைக்காமல் திருப்பி அனுப்புவதால் சுவரின் அடியில் மண் அரிக்கும். சுவர் முடியும் இடத்தில், பெரும்பாலும் பக்கத்து மனையில், அரிப்பு கூடும். கற்களைச் சரிவாக அடுக்கி இடையே வேர் பிடிக்கும் செடிகளை நடுவதைப் பல துறைகள் எளிதில் ஏற்கின்றன. என் பரிந்துரையும் அதுவே.

கழிவுநீர்

பொதுச் சாக்கடை இணைப்பு இருந்தால் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். இல்லாவிட்டால், வீட்டின் இடத்தைத் தீர்மானிக்கும் முன் செப்டிக் டேங்கும், அதிலிருந்து வெளியேறும் கழிவுநீர் மண்ணுக்குள் இறங்கும் இடமான உறிஞ்சு களமும் எங்கே அமையும் என்று தீர்மானிக்க வேண்டும். களம் நீர்நிலையிலிருந்தும் குடிநீர்க் கிணற்றிலிருந்தும் விதித்த தூரம் விலகியிருக்க வேண்டும்; அதன் அடிமட்டத்துக்கும் மழைக்கால நிலத்தடி நீர்மட்டத்துக்கும் இடையே உலர்ந்த மண் இருக்க வேண்டும்; முதல் களம் பழுதானால் பயன்படுத்த இன்னொரு களத்துக்கும் இடம் ஒதுக்கச் சொல்வதுண்டு. நீரோரத்தில் நிலத்தடி நீர் மேலேயே இருப்பதால், பல மனைகள் விழுவது இந்த ஒரு விதியில்தான். மண் பரிசோதனையைக் கோடையில் செய்து திருப்தியடையாமல், மண்ணில் சாம்பலும் செம்பழுப்புமாகத் திட்டுத் திட்டாகத் தெரியும் நிறமாற்றத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். நீர் அடிக்கடி ஏறி இறங்கும் ஆழத்தை அது காட்டிக்கொடுக்கும்.

பழைய வீடு, சிறிய மனை, விதித் தளர்வு

விதி வருவதற்கு முன்பே கட்டப்பட்ட வீடு, இன்றைய தூரத்துக்குள் நின்றாலும், பொதுவாக அப்படியே தொடரலாம். பழுதுபார்க்கலாம், பராமரிக்கலாம். நீர்ப்பக்கம் நீட்டவோ, இடித்துவிட்டு அதே இடத்தில் புதிதாக எழுப்பவோ முயலும்போதுதான் இன்றைய விதி குறுக்கே வரும். சில இடங்களில் வீட்டின் மதிப்பில் பாதிக்கு மேல் சேதமானால் அல்லது பாதிக்கு மேல் செலவிட்டுப் புதுப்பித்தால் அதைப் புதிய கட்டடமாகவே கருதுவார்கள். பழைய கரையோர வீட்டை வாங்கி இடித்துக் கட்டலாம் என்ற எண்ணத்தோடு விலை பேசுபவர், அந்த இடித்தல் எந்தக் கணத்தில் பழைய உரிமையைப் பறிக்கும் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

சிறிய மனைகளுக்கும் இதே கதை. விதிக்கு முன்பே பிரிக்கப்பட்ட மனை குறைந்தபட்சப் பரப்புக்குக் குறைவாக இருந்தாலும் அதில் கட்ட அனுமதிக்கும் சலுகை உண்டு. ஆனால் அடுத்தடுத்த இரண்டு சிறு மனைகள் ஒருவர் கைக்கு வந்துவிட்டால், சட்டம் அவற்றை ஒரே மனையாக எண்ணலாம். செயின்ட் குரோய் ஆற்றங்கரையில் ஒட்டி அமைந்த இரண்டு மனைகளில் ஒன்றை மட்டும் விற்க விரும்பிய குடும்பம் ஒன்றுக்கு இந்த விதி தடையானது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 2017-இல் அந்தக் குடும்பத்துக்கு எதிராக முடிந்தது. பக்கத்து மனையையும் சேர்த்து வாங்குவது எப்போதும் லாபம் என்று சொல்ல முடியாது.

விதியைத் தளர்த்தக் கோரும் விண்ணப்பம் கடைசி வழி. “எனக்கு இன்னும் பெரிய வீடு வேண்டும்”, “பக்கத்து வீட்டார் கரையருகே கட்டியிருக்கிறார்” என்பவை காரணங்களாக எடுபடுவதில்லை. மனையின் வடிவமோ சரிவோ பாறையோ, விதிப்படி நியாயமான எந்தப் பயன்பாட்டையும் இயலாததாக்குகிறது என்றும், அந்த நெருக்கடியை உரிமையாளர் தானே உண்டாக்கிக்கொள்ளவில்லை என்றும், தளர்வினால் நீர்நிலைக்குத் தீங்கு நேராது என்றும் காட்ட வேண்டும். மனையைத் துண்டுபோட்டுச் சிறிதாக்கிவிட்டு, இடம் போதவில்லை என்று வருபவருக்கு இரண்டாவது நிபந்தனையே கதவை மூடிவிடும்.

விண்ணப்பமும் வேலையும்

வரிசை முக்கியம். முதலில் உயர்நீர்க் கோட்டையும் வெள்ள எல்லையையும் குறித்த நில அளவை வரைபடம். அதன்மேல் ஈரநிலம், சரிவு, கழிவுநீர்க் களம், காப்புப் பட்டை ஆகியவற்றை வரைந்து, மீதியுள்ள கட்டக்கூடிய இடம். அதன் பிறகே வீட்டின் வடிவமைப்பு. பிடித்த வீட்டுப் படத்தை முதலில் தேர்ந்துவிட்டு மனைக்குள் திணிக்கப் பார்ப்பவர்கள்தான் விதித் தளர்வு கேட்டு அலைகிறார்கள். வரைவு தயாரானதும், விண்ணப்பம் போடுவதற்கு முன், உள்ளாட்சித் திட்ட அலுவலரையும் நீர்வளத் துறையினரையும் ஒரே வரைபடத்தோடு சந்தித்து, அவர்கள் சொல்லும் ஆட்சேபங்களைத் தேதியிட்டு எழுதிக்கொள்வது பின்னால் பல மாதங்களை மிச்சப்படுத்தும். நிலத்தைப் பல மனைகளாகப் பிரித்து விற்கத் திட்டமிடுபவர், மொத்த நிலத்துக்கு அனுமதி கிடைத்ததோடு நிற்காமல், பிரிக்கப்படும் ஒவ்வொரு மனையிலும் விதிகளுக்குட்பட்டு ஒரு வீடும் கழிவுநீர்க் களமும் அடங்கும் என்று தனித்தனியே வரைந்து காட்ட வேண்டும். கடைசியில் மீந்த ஒடுக்கமான துண்டை வாங்கியவர்தான் பின்னால் வழக்குப் போடுகிறார்.

வேலை தொடங்கியதும் மண் அரிப்புத் தடுப்பே முதற்கடமை. தோண்டிய மண்ணை நீர்ப்பக்கம் குவிக்கக் கூடாது. சரிவின் கீழ்ப்பக்கத்தில் வண்டலைப் பிடிக்கும் துணித்தடுப்பின் அடியை மண்ணுக்குள் புதைத்து நிறுத்த வேண்டும், இல்லையேல் முதல் மழையிலேயே நீர் அதன் அடியில் புகுந்து ஓடும். வெறும் மண் எத்தனை நாள் திறந்து கிடக்கலாம் என்பதற்கும் அனுமதியில் வரம்பு இருக்கும். அடித்தளத்துக்குக் கம்பி கட்டியபின், கான்கிரீட் ஊற்றுவதற்கு முன், சர்வேயரை மீண்டும் அழைத்து உயர்நீர்க் கோட்டிலிருந்து தூரத்தையும், தளம் வரவிருக்கும் உயரத்தையும் சரிபார்த்துச் சான்று வாங்க வேண்டும். ஊற்றிய பிறகு இரண்டடி குறைகிறது என்று தெரிந்தால் இடிப்பதைத் தவிர வழியிருக்காது. முடிந்த கட்டடத்தின் அளவை வரைபடம், தள உயரச் சான்று, கோட்டைக் குறித்த அலுவலரின் குறிப்பு, அனுமதியின் நிபந்தனைகள் ஆகியவற்றைப் பத்திரத்தோடு சேர்த்து வைத்து, விற்கும்போது வாங்குபவரிடம் ஒப்படைக்க வேண்டும்.